வைஃபை வேகம் காணாதா? பெட்டியை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

முன்னால் கடை, மேல்மாடியில் வீடு. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பகுதிகளில் நம்மில் பலருடைய நிலை இதுதான். கடையின் பில் கம்பியூட்டர், கியூஆர் கொடுப்பனவு, கெமரா, பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்பு, வெளிநாட்டிலுள்ள மகனுடன் வீடியோ அழைப்பு எல்லாமே ஒரே இணைய இணைப்பில் ஓடுகின்றன. ஒரு ரவுட்டர் போதாதென்று இரண்டு மூன்று பெட்டிகள் கொண்ட ‘மெஷ்’ வைஃபை பொருத்தியவர்களும் இப்போது, "வேகம் காணாது, புதியது வாங்கலாமா?" என்று கேட்கின்றனர்.

வியாபாரி எதையும் அளந்துதான் வாங்குவான். இதையும் முதலில் அளந்து பார்ப்போம்.

பிரதான ரவுட்டரில் வயர் மூலம் லெப்டொப்பை இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். நீங்கள் பணம் கட்டுவது 100 மெகாபிட் இணைப்புக்கு என்றால், 90க்கு மேல் வர வேண்டும். அங்கேயே குறைவு என்றால் கம்பனியிடம்தான் பேச வேண்டும். எத்தனை இலட்சம் ரூபாவுக்கு மெஷ் வாங்கினாலும் பயனில்லை. இன்னொன்று: 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் கோப்பு இறங்கும்போது செக்கனுக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. இது ஏமாற்று அல்ல, கணக்கு.

அடுத்து ஒவ்வொரு பெட்டிக்கும் அருகில் நின்று போனில் அளவுங்கள். எனது மூன்று மாடி வீட்டில் கீழே 94, நடு மாடியில் 41, மேலே 18 வந்தது. காரணம் எளிது. லொறியிலிருந்து மூட்டை இறக்குவதும் வாடிக்கையாளர் வண்டியில் ஏற்றுவதும் ஒரே நாட்டாமை என்றால் வேலை பாதியாகும் அல்லவா? சாதாரண இரு அலைவரிசை மெஷ் பெட்டியும், வயர் இல்லாதபோது, ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புகிறது. ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. போதாததற்கு, கம்பி கட்டிய கொங்கிரீட் பிளேட் 5 கிகாஹேர்ட்ஸ் அலையை நன்றாகவே தடுத்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு.

நான் புதுப் பெட்டி வாங்கவில்லை. மாடிகளுக்கிடையில் கெட் 6 வயர் இழுத்து மூன்று பெட்டிகளையும் இணைத்தேன். இப்போது மூன்று மாடியிலும் 90 வருகிறது.

வயர் வாங்கும்போது கவனியுங்கள். முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியம் மலிவாக விற்கிறார்கள், வேண்டாம். ஒரே இழுவை 100 மீற்றருக்கு மேற்படக் கூடாது. நம் கடற்காற்றில் பிளக் முனைகள் பாசி பிடிக்கும், இடைக்கிடை பாருங்கள். திறந்தவெளியில் இரு கட்டடங்களுக்கிடையே செம்பு வயர் இழுக்க வேண்டாம், மின்னல் உள்ளே வரும். இடி இடிக்கும் நேரத்தில் மின் பிளக்கையும் இணைய வயரையும் கழற்றி வையுங்கள்.

வயர் இழுக்க வழியில்லாதவர்கள் மூன்று அலைவரிசைப் பெட்டி பார்க்கலாம். அதையும் சிக்னல் செத்த மூலையில் வைக்காமல், பிரதான பெட்டிக்கும் அந்த மூலைக்கும் நடுவில் வையுங்கள்.

அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது? பழைய பெட்டியின் போர்ட் 100 மெகாபிட் மட்டுமே எடுத்து, உங்கள் இணைப்பு 300 ஆக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். கம்பனி பாதுகாப்பு அப்டேட் தருவதை நிறுத்தியிருந்தாலும் மாற்றுங்கள். கடைக் கணக்கு அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. வாங்கினால், 2019இல் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 6 நம் தேவைக்குப் போதும். ஒரே நேரத்தில் பல கருவிகளைச் சமாளிப்பது அதன் பலம். 2024 ஜனவரியில் வைஃபை 7க்கும் சான்றளிப்பு ஆரம்பமானது. ஆனால் உங்கள் போனும் லெப்டொப்பும் அந்த வகையாக இல்லாவிட்டால் கொடுக்கும் அதிக விலை வீண்விரயம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற பெட்டியா என்றும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பவர்கள் ‘கெஸ்ட்’ இணைப்பைத் தனியாகத் திறந்து கொடுங்கள். பில் கம்பியூட்டர் இருக்கும் இணைப்பின் கடவுச்சொல் கல்லாச் சாவி மாதிரி. அதைச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள்.