வலியை முன்னறிய முடியுமா?

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்பது பழமொழி. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. வலியை அளக்க என்ன உண்டு? ஒரே ஊசியை ஒருத்தி சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்கிறாள். மற்றொருத்தி கண்ணீர் விடுகிறாள். இவள் நடிக்கிறாளா?

இல்லை என்கிறது விஞ்ஞானம். 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டாக்டர் ராபர்ட் காக்ஹில் குழுவினர், 17 பேரின் காலில் 49 டிகிரி செல்சியஸ் சூடு வைத்துச் சோதித்தனர். சூடு ஒன்றே. ஆனால் 10-க்கு 1 அளவே வலி என்றவரும் உண்டு. ஏறக்குறைய 9 என்றவரும் உண்டு. அதிக வலி என்றவர்களின் மூளைப் புறணியில் வலியை உணரும் பகுதிகள் அதிகமாகச் செயல்பட்டதைக் காந்தப் படக்கருவி காட்டியது. அவர்கள் சொன்னது மெய்யே!

வலி வருமுன்பே இதனை அறிய இயலுமா? கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது நம் மூளையில் விநாடிக்கு 8 முதல் 12 வரை மின்னலைகள் எழுகின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட இவ்வலைகளுக்கு ‘ஆல்ஃபா’ என்று பெயர். இவற்றின் வேகம் ஆளுக்கு ஆள் சற்று வேறுபடும்.

2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், 150 பேரின் தாடைத் தசையில் பல நாள் வலி தரும் மருந்து செலுத்தப்பட்டது. ஆல்ஃபா அலை மெதுவாக இருந்து, மூளையிலிருந்து அத்தசைக்குச் செல்லும் ஆணையும் வலுக் குறைந்தவர்களுக்கு வலி அதிகமாக இருந்தது. 100 பேரைக் கொண்டு வகுத்த இக்கணிப்பு, மீதி 50 பேரிடமும் பெரும்பாலும் பலித்தது.

இதனால் என்ன பயன்? அறுவைச் சிகிச்சைக்குப் பின் யாருக்கு வலி நீடிக்கும் என்று முன்பே தெரிந்தால், தக்க மருந்தை முன்கூட்டியே திட்டமிடலாம். ஆயினும் ஆய்வில் பங்கேற்றோர் உடல்நலமுள்ளவர்கள். நோயாளிகளிடமும் இது பலிக்கிறதா என்று சோதித்த பின்னரே மருத்துவமனையில் பயன்படுத்த இயலும்.

கருவி வந்தாலும் நோயாளியின் சொல்லுக்கு மதிப்புக் குறையாது. வலியைப் பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம், வலிக்கிறது என்று ஒருவர் கூறினால் அதனை மதிக்க வேண்டும் என 2020-இல் வலியுறுத்தியது.

ஆகவே தோழியரே, வகுப்பில் ஒருத்தி வயிற்றுவலி என்று மேசையில் தலை சாய்த்தால், “எனக்கும்தான் வலித்தது, நான் அழுதேனா?” என்று கேட்காதீர்கள். அவளுடைய மூளை வேறு, நம்முடையது வேறு. அவளை நம்புவதே முதல் உதவி.