விலை கேட்பவரும் வேலை வாங்குபவரும்

ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் சரக்குக் கொடுக்கும் நம்மிடம் விலைப்புள்ளி கேட்பவர் கொள்முதல் அதிகாரி. அந்தச் சரக்கைக் கொண்டு வேலை வாங்குபவர் பொறியாளர். இவர்கள் இருவரும் எவ்வளவு கலந்து பேசுகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் மார்க்கெட் நிலவரமே தீர்மானிக்கிறது.

சரக்கு தாராளமாகக் கிடைக்கும்போது கொள்முதல் பிரிவின் கை ஓங்கும். நான்கு கடையில் விசாரித்துக் குறைந்த விலைக்கு எடுப்பார்கள், பொறியாளரைக் கேட்பதில்லை. 6205 பேரிங்கை எடுத்துக் கொள்வோம். உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. எந்தக் கம்பெனியானாலும் அளவு இதுதான். ஆனால் எண்ணுக்குப் பின் 'சி3' என்றிருந்தால் உள்ளே குண்டுகளுக்கு இடைவெளி சற்று அதிகம். சூடேறி உலோகம் விரியும் மோட்டார்களில் அதைத்தான் கேட்பார்கள். 'இசட்இசட்' என்றால் தகடு மூடி; '2ஆர்எஸ்' என்றால் ரப்பர் சீல், தூசி படும் இடத்துக்கு. ஆர்டரில் வெறும் '6205' என்று வந்தால் விலை மட்டுமே பேசப்படும். பேரிங் போனபின் பழி நம்மீது, பாக்கியும் நிற்கும்.

தட்டுப்பாடு வந்தால் கதை மாறுகிறது. 2020-ல் கொரோனாவால் விற்பனை சரியவே, கார்க் கம்பெனிகள் பல சிப் ஆர்டர்களைக் குறைத்தன. கிராக்கி திரும்பியபோது சிப் இல்லை. 2021-ல் பல தொழிற்சாலைகள் நின்றன. இனி பேரம் பேசிப் பயனென்ன? இதற்குப் பதில் எது ஒத்துவரும் என்பதைப் பொறியாளர்தானே சொல்ல வேண்டும்! டெஸ்லா கம்பெனி கிடைத்த மாற்றுச் சிப்புகளைப் போட்டு, அதற்கேற்ப மென்பொருளைத் திருத்தி எழுதிச் சமாளித்தது. இருப்பு வைக்காமல் தேவைக்கு வாங்குவதில் பெயர் போன டொயோட்டா, 2011 நிலநடுக்கத்தில் பட்ட பாட்டால், சில மாதச் சிப்பை இருப்பு வைக்கும்படி தன் சப்ளையர்களிடம் முன்பே சொல்லியிருந்தது. அதுவும் 2021 செப்டம்பரில் உற்பத்தியைக் குறைக்கத்தான் வேண்டியிருந்தது.

விலையேற்றமும் இருவரையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவரும். தாமிரம் ஏறினால் அலுமினியக் கம்பி பற்றிப் பேச்சு எழும். அதற்குக் கம்பி பருமனாக வேண்டும், மோட்டாரின் அமைப்பே மாற வேண்டும்.

ஆகவே மாற்றுச் சரக்குக் கொடுக்கும்போது, கொள்முதல் அதிகாரியின் வாய்மொழி போதாது. பொறியியல் பிரிவின் கையெழுத்தையும் வாங்கி ஃபைலில் வைப்போம். பில்லில் எண்ணை முழுமையாக எழுதுவோம். போனில் ஆர்டர் எடுக்கும் பையனும் மோட்டாருக்கா, பம்புக்கா என்று கேட்டுச் சீட்டிலேயே குறித்துக் கொள்ளட்டும்.