போதைப் பழக்கம்: மீள்வதற்கு ஒரு வழி

மகனின் பெட்டியில் ஒரு சிறு பொட்டலம் அகப்படுகிறது. தாய் திகைத்து நிற்கிறாள். ‘வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும்’ என்று தந்தை அதை மூடி மறைக்கிறார். பல இல்லங்களில் நோய் முற்றுவதற்கு இந்த மௌனமே காரணமாகிறது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் நம் நாட்டில் சுமார் 2.26 கோடி பேர். எனவே இத்துன்பம் ஒரு குடும்பத்திற்கு மட்டும் நேர்ந்த இழிவு அன்று.

பழக்கம் அடிமைத்தனமாதல்

‘நினைத்தால் விட்டுவிடலாம்’ என்ற நம்பிக்கையுடனேயே இளைஞன் போதைப்பொருளை முதன்முறை தொடுகிறான். ஆனால் அப்படி உறுதியாக நினைக்கும் ஆற்றலையே அப்பொருள் குலைத்துவிடுகிறது. உந்துதலை அடக்கி, நன்மை தீமைகளை ஆராய உதவும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயதில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. கடிவாளம் உறுதிப்படும் முன்பே குதிரை வெறிகொண்டால் தேரின் கதி என்னவாகும்?

பஞ்சாபில் ‘சிட்டா’ என வழங்கும் ஹெராயினை எடுத்துக்கொள்வோம். நாளடைவில் பழைய அளவு போதாமற்போகிறது. நிறுத்தினாலோ உடல்வலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவை வாட்டுகின்றன. இன்பத்திற்காகத் தொடங்கியவன், பின்னர் வேதனையிலிருந்து தப்புவதற்காகவே அதை நாடுகிறான். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்-சி ஆகியவை பரவுகின்றன. சில காலம் விட்டிருந்து மீண்டும் பழைய அளவையே எடுப்பவர் மூச்சடங்கி இறக்கவும் நேரிடும். இடைக்காலத்தில் உடலின் தாங்கும் திறன் குறைந்திருப்பதே காரணம்.

சட்டத்தின் இரு முகங்கள்

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின்படி, ஹெராயினை உட்கொள்வதற்கே ஓராண்டு வரை கடுங்காவலோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 250 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் தண்டனை குறைந்தது 10 ஆண்டுகள்; அது 20 ஆண்டுகள் வரை நீளலாம். ‘நண்பன் கொடுத்தான், உள்ளே இருப்பது தெரியாது’ என்று சொன்னால் மட்டும் போதாது. அறியாமையை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரையே சாரும்.

எனினும் இதே சட்டம் பரிவும் காட்டுகிறது. அதன் 64-ஏ பிரிவின்படி, உட்கொண்ட குற்றத்திற்கோ சிறிய அளவு தொடர்பான குற்றத்திற்கோ உள்ளான அடிமைப்பட்டவர், தாமே முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சை மேற்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். ஹெராயினில் சிறிய அளவு என்பது 5 கிராம் வரை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம்.

குடும்பத்தின் கடமை

எனவே பெற்றோர் அடிப்பதாலோ, அறையில் பூட்டி வைப்பதாலோ, அவசரமாகத் திருமணம் செய்துவைப்பதாலோ பயனில்லை. முதலில் மருத்துவரை நாட வேண்டும். அபின் வகை அடிமைத்தனத்திற்கு ப்யூப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகள் உள்ளன. 2017 முதல் பஞ்சாபில் புறநோயாளிகளாகவே இச்சிகிச்சை பெறும் மையங்கள் இயங்குகின்றன. எங்கு செல்வது என்று அறியாதோர் 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

சிகிச்சைக்குப் பின் ஒருமுறை வழுக்கி விழுந்தால் எல்லாம் வீணாயிற்று என்று கருதலாகாது. நீடித்த நோய்களில் அப்படி நேர்வதுண்டு. மருந்து உடலைத் தாங்கும். ஒழுங்கான உறக்கம், உழைப்பு, நல்லோர் உறவு ஆகியவை மனத்தைத் தாங்கும். இழந்த மன உறுதி ஒரே நாளில் திரும்புவதில்லை. ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகவே திரும்புகிறது. அதுவரை அவனுக்காக உறுதியுடன் நிற்க வேண்டியவர்கள் வீட்டார். சட்டமே அவன் மீள்வதற்கு வழிவிட்டிருக்கும்போது, வீடு தன் கதவை அடைக்கலாமா?