கண்ணாடியைக் கழற்றும் முன்

லேசர் கண் சிகிச்சைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1981ஆம் ஆண்டு நவம்பரில், விருந்தில் மீந்த வான்கோழி இறைச்சியின்மேல் எக்சைமர் எனும் புறஊதா லேசரைச் செலுத்திப் பார்த்தார். இறைச்சி துல்லியமாக வெட்டுப்பட்டது. வெட்டைச் சுற்றியிருந்த பகுதி சிறிதும் கருகவில்லை. அவ்வகைக் கதிரே இன்று, கண்ணின் முன்புறமுள்ள தெளிந்த படலமான கார்னியாவைச் சீவி, அதன் வளைவை மாற்றிக் கிட்டப்பார்வையைத் திருத்துகிறது.

சீவிய பகுதி மீண்டும் வளராது. கார்னியாவின் தடிப்போ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான்! ஆகவே, சில நிமிடங்களில் முடியும் அறுவையைவிட அதற்கு முந்திய பரிசோதனையே முக்கியமானது. கார்னியாவின் தடிப்பு, வடிவம், கண்ணீர்ச் சுரப்பு ஆகியவை அளக்கப்படுகின்றன. தொடுவில்லை அணிபவர் அதைச் சில நாள், சில வேளை சில வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். அது கார்னியாவைச் சற்றே அழுத்தி வைத்திருப்பதால் அளவு பிழையாகிவிடும்.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இச்சிகிச்சையை நாடும் இளையோர் முதலில் கேட்பது கட்டணத்தைத்தான். கண்ணாடியின் பவர் ஓராண்டேனும் மாறாமல் இருக்கிறதா என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். 18 வயது நிறையாதவர் காத்திருப்பதே முறை. கார்னியா மிக மெலிந்திருந்தாலோ கூம்பாகப் புடைத்திருந்தாலோ மருத்துவர் மறுத்துவிடுவார். அம்மறுப்பை ஏற்காமல், கழிவு விலை விளம்பரத்தைப் பார்த்து வேறிடம் தேடுவது பார்வையையே பணயம் வைப்பதாகும். சிகிச்சை செய்துகொண்டவருக்கும் நாற்பது வயதுக்குமேல் வாசிப்புக் கண்ணாடி தேவைப்படலாம்.