மருந்துப்போலியும் மருந்தின் உண்மைப் பலனும்: முக்கியக் குறிப்புகள்
(மருந்து ஆய்வாளர் தேர்வுக்குப் படிக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு)

• மருந்துப்போலி (பிளாசிபோ): நிறம், சுவை, வடிவம் மருந்தைப் போலவே இருக்கும்; வேலை செய்யும் மருந்துப்பொருள் இராது.

• போலியை எடுத்தவரும் தேறுவது ஏன்? சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்ப்பவர் இடுப்பு வலி தாங்கமுடியாத நாளில்தான் டாக்டரிடம் போகிறார். உச்சத்தில் இருந்த வலி சில நாட்களில் தானாகவும் தணியும். இடையில் எதை விழுங்கினாலும் பெயர் அதற்கே போகும். இதுவே சராசரியை நோக்கித் திரும்புதல். நம்பிக்கையும் நர்ஸின் கவனிப்பும் இதோடு சேரும். கேட்பவர் மனம் கோணாமல் “பரவாயில்லை” என்று சொல்வதும் உண்டு. எனவே போலிக் குழுவில் தெரியும் முன்னேற்றம் முழுவதும் போலியால் வந்ததல்ல. மாணவர்கள் குழம்பும் இடம் இதுதான். நன்றாகப் பதிய வையுங்கள்.

• 1955: ஹென்றி பீச்சர், சுமார் 35% பேருக்குப் போலியால் நிவாரணம் என்றார். 2001: ரோபியார்ட்சனும் கோட்ஷேவும் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது, வலி போன்ற நோயாளியே சொல்லும் அளவுகளில் மட்டும் சிறு விளைவு தெரிந்தது.

• பலன் = மருந்துக் குழு − போலிக் குழு. 1981–2000 மனச்சோர்வு மருந்து ஆய்வுகளில் தேறியோர் முறையே சுமார் 50%, 30%, வித்தியாசம் 20. போலிக் குழு மட்டும் 40-க்கு ஏறினால் வித்தியாசம் 10. அதை உறுதிசெய்ய ஏறக்குறைய நான்கு மடங்கு ஆட்கள் தேவை. நல்ல மருந்தும் இப்படித் தோற்றுப்போகலாம்.

• செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு (1968-இல் தொடக்கம்): ஒரு குழுவுக்குப் போலி ஊசி. பார்த்தது சளியில் காசநோய்க் கிருமி. அங்கே நம்பிக்கைக்கு இடமில்லை. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பது ஒப்பிடக் குழு இருந்ததால்தான் தெரிந்தது.

• சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு): 2007-இல் தொடக்கம். ஆய்வு தொடங்குமுன் பதிவு கட்டாயம்: 15.6.2009 முதல்.

• நிம்ஹான்ஸ், 1982: நம் பஸ் தினமும் போகும் பெங்களூரு ஓசூர் ரோட்டில்தான் இந்த மனநல நிறுவனம். கங்காதர், கபூர், கல்யாணசுந்தரம் மூவரும் கடும் மனச்சோர்வு கொண்ட 32 பேரை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதிக்கு மின்னதிர்வுச் சிகிச்சையும் போலி மாத்திரையும். மறுபாதிக்கு இமிப்ரமின் மாத்திரையும், மின்சாரம் பாயாத பாவனைச் சிகிச்சையும். யாருக்கு எது அசல் என்று நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாது: இரட்டை மறைப்பு. இரண்டும் போலியான மூன்றாம் குழு இல்லாததால் இரு சிகிச்சைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாமே தவிர, தேறியதில் போலியின் பங்கைப் பிரிக்க முடியாது. ஆனாலும் உயிருக்கே ஆபத்தான நோயில் சிகிச்சை இல்லாமல் ஒருவரையும் விடாதது சரியே என்பேன்.