கடனட்டைக்கு முன்பணமா? சற்று யோசியுங்கள்!

தெரணியகலையிலுள்ள எமது கடைக்கு வந்த இளைஞரொருவர், "30,000 ரூபா பிணைவைப்பு தந்தால் கடனட்டை நிச்சயம்" என்றார். லாச்சியைத் திறந்து பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் கோல்டன் கீ நினைவுக்கு வந்தது. கடனட்டை நிறுவனம் என்ற பெயரில், மத்திய வங்கியின் அனுமதியின்றி வைப்புகளைத் திரட்டிய அந்நிறுவனம் 2008 டிசம்பரில் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர்.

"அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, தம்பி?" என்றேன். பதிலின்றி எழுந்து போய்விட்டார்.

முறையான வங்கியில் பிணைப்பணம் உங்கள் பெயரிலேயே நிலையான வைப்பாக இருக்கும், சான்றிதழும் கிடைக்கும். 11 இலட்சம் ரூபா வரையிலான வைப்புக் காப்புறுதியும் அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கே உண்டு. ஆகவே, வங்கிக் கிளைக்கு நேரில் சென்று விசாரியுங்கள். வாசலுக்கு வருபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.