ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் டாக்டராக: எந்த வகுப்பில் எதைச் செய்ய வேண்டும்?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்யும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் வரை போகின்றன. தறி ஓட்டும் வீட்டிலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் வீட்டிலும் "என் பிள்ளை டாக்டராகணும்" என்ற ஆசை உண்டு. படிப்பில் கெட்டியான பிள்ளைகள்கூடப் பின்தங்குவதற்கு நான் காணும் முக்கியக் காரணம் ஒன்றுதான்: எதை எப்போது செய்ய வேண்டும் என்பது காலம் கடந்த பிறகே வீட்டுக்குத் தெரியவருகிறது. அந்தத் தாமதம் இனி வேண்டாம். வகுப்புவாரியாகப் பார்ப்போம்.

1. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் சட்டமான இதை, 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் செல்லும் என்று சொன்னது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவரின் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் சேராது. பெற்றோர் பலர் தடுமாறும் இடம் இது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பவருக்கும் வழி உண்டு. ஆகவே, அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பிளஸ் ஒன்னுக்காக வேறு பள்ளிக்கு மாற்றும் முன் இதை நன்றாக யோசியுங்கள்.

2. ஒன்பதாம் வகுப்பு: டாக்டர் வேலையைக் கிட்டத்தில் பாருங்கள்

வெள்ளைக் கோட்டைப் பார்த்து வரும் ஆசை ஐந்தரை வருடப் படிப்பைத் தாங்காது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் பேசுங்கள். வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம், எந்த நோய் எந்தத் தெருவில் அதிகம் என்று கேளுங்கள். பஞ்சாலைத் தூசி நுரையீரலை என்ன செய்கிறது, சிவகாசிப் பட்டாசு விபத்தில் தீக்காயம் பட்டவருக்கு முதலில் என்ன தேவை, செண்பகத்தோப்புப் பக்கம் பாம்பு கடித்தால் ஏன் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தேடிப் படியுங்கள். பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ் இருந்தால் சேருங்கள்.

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிவிட்டன. அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இந்த வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. அந்தப் பொறுமை எனக்கு உண்டா என்று பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ள ஒன்பதாவது சரியான வயது.

3. பத்தாம் வகுப்பு: அடித்தளமும் குரூப்பும்

பிளஸ் ஒன்னில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்கும் குரூப்பையே எடுக்க வேண்டும். பயோ-மேத்ஸ் எடுத்தால் பொறியியல் வாசலும் திறந்திருக்கும். கணக்கில் மிகவும் சிரமப்படுபவர் தாவரவியலும் விலங்கியலும் கொண்ட பியூர் சயின்ஸ் எடுக்கலாம். ஆனால் இயற்பியலுக்குக் கணக்கு தேவை. அதிலிருந்து தப்ப முடியாது. பத்தாவது லீவில் விகிதம், அடுக்குக்குறி, மடக்கை, எளிய முக்கோணவியல், வரைபடம் ஆகியவற்றைப் பழகிவிட்டால் பிளஸ் ஒன் இயற்பியலில் பாதி பயம் போய்விடும்.

4. பிளஸ் ஒன்: யாரும் துரத்தாத வருடம்

2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. அதனால் இந்தப் பாடத்தை ஒதுக்கிவிட்டு நேராகப் பன்னிரண்டாவது பாடத்துக்குப் போகும் ஆபத்து வந்திருக்கிறது. மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டின் கேள்விகளில் பாதியளவு பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருகிறது. சுவாசம், ரத்த ஓட்டம், இயக்க விதிகள், வேதிப்பிணைப்பு எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

மாநிலப் பாடநூலை முதலில் முழுதாகப் படியுங்கள். பிறகு என்சிஇஆர்டி உயிரியல் புத்தகத்தை வரி வரியாகப் படியுங்கள். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இயற்பியலில் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, தினமும் பத்துக் கணக்குகளைத் தாளில் போட்டுப் பார்ப்பது பலன் தரும். தவறிய கணக்குகளுக்குத் தனி நோட்டு வைத்து, ஞாயிறுதோறும் அவற்றை மறுபடி போடுங்கள்.

தமிழ் வழியில் படிப்பவருக்கு இது மிக முக்கியம்: முடுக்கம் என்று படிக்கும்போதே ஆக்சிலரேஷன், ஒளிச்சேர்க்கை என்றால் போட்டோசிந்தசிஸ் என்று இரண்டையும் சேர்த்தே எழுதிப் பழகுங்கள். நீட் வினாத்தாளைத் தமிழில் கேட்டு வாங்கலாம். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகமே இறுதி. எம்பிபிஎஸ் வகுப்பும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். சொற்கள் பழகிய பிள்ளைக்கு அங்கே முதல் வருடம் மிரட்டாது.

5. பிளஸ் டூ: தேர்வின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

நீட்டிலிருந்து விலக்குக் கேட்டுத் தமிழகச் சட்டமன்றம் 2021இல் மசோதா நிறைவேற்றியது, விலக்குக் கிடைக்கவில்லை. அந்த நியாயத்துக்காகப் பேசுவோம். அதே நேரத்தில், இன்று இருக்கும் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார் செய்வோம்.

இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 என்று மொத்தம் 180 கேள்விகள், 720 மதிப்பெண். நேரமும் 180 நிமிடம். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறுக்கு 1 குறையும். 150 கேள்விகளுக்கு விடையளித்து 120 சரி, 30 தவறு என்றால் 480இல் 30 போக 450. நான்கு விடைகளில் இரண்டையாவது நிச்சயமாகக் கழிக்க முடிந்தால் மட்டும் துணிந்து குறியுங்கள்.

மதிப்பெண்ணில் பாதி உயிரியலுக்கு. அதை 50 நிமிடத்துக்குள் முடித்தால் இயற்பியலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். தேர்வு பிற்பகல் 2 மணிக்கு. மாதிரித் தேர்வையும் சாப்பாட்டுக்குப் பின் அதே நேரத்தில் எழுதிப் பழகுங்கள். தேர்வு நகரங்களில் விருதுநகரும் உண்டு, விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளிக்கல்வித் துறை இலவசப் பயிற்சி தருகிறது. மையம் எங்கே என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். தனியார் கோச்சிங்கில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் முன், ஒரு வாரம் வகுப்பில் உட்கார விடுவார்களா, தமிழ் வழிப் பிள்ளைக்குத் தனிக் கவனம் உண்டா, மாதிரித் தேர்வுத் தாளைத் திருத்தி விளக்குவார்களா என்ற மூன்றையும் கேளுங்கள்.

பள்ளித் தேர்வையும் விடக்கூடாது. இயற்பியல், வேதியியல், உயிரியலில் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதமும், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதமும் தேவை. சேரும் வருடம் டிசம்பர் 31க்குள் 17 வயது நிரம்ப வேண்டும்.

6. சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் பிளஸ் டூ அரையாண்டுக்குள் விண்ணப்பியுங்கள். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தனித்தனித் தாலுகாக்கள். உங்கள் வீடு எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அகில இந்திய இடங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் மத்திய அரசுப் படிவத்தில் தனி ஓபிசி சான்று வாங்க வேண்டும். மாநிலச் சாதிச் சான்று அதற்குப் போதாது. 7.5 ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த ஒவ்வொரு அரசுப் பள்ளியின் சான்றும் வேண்டும். எல்லாச் சான்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

7. ரிசல்ட் வந்த பிறகு

நீட்டில் தேறினால் இடம் தானாக வராது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் இடங்களில் 85 சதவீதம் மாநிலத்துக்கு. அதற்குச் சென்னையிலுள்ள தேர்வுக் குழுவின் இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மீதி 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு வேறு பதிவு. நம் பக்கத்துப் பிள்ளைகள் 2022இல் திறந்த விருதுநகர் கல்லூரி, 1954இல் தொடங்கிய மதுரை, பிறகு திருநெல்வேலி, தேனி, தூத்துக்குடி எல்லாவற்றையும் விருப்பப் பட்டியலில் போடலாம். அரசுக் கல்லூரிகள் எதையும் பட்டியலில் விடாதீர்கள்.

8. இடம் கிடைக்காவிட்டால்

இன்னொரு வருடம் எழுதுவதென்றால், எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் போனது என்று தாளில் எழுதிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். வேறு நல்ல வழிகளும் உண்டு. கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு. திருநெல்வேலியிலும் தேனியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. ராஜபாளையம் நாய்க்குப் பேர்போன மண்ணுக்கு நல்ல கால்நடை மருத்துவர்கள் வேண்டும். சித்த மருத்துவத்துக்குப் பாளையங்கோட்டை அரசுக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் நீட் தேவை. பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, பார்மசி எதுவும் தாழ்ந்த படிப்பல்ல.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: மதிப்பெண் வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். "என்ன ஆனாலும் நாங்க இருக்கோம்" என்பதைத் தேர்வுக்கு முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தால் 104 அல்லது 14416 எண்ணை அழையுங்கள். மனநல ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள்.

இந்த வாரமே தொடங்குங்கள். ஒன்பதாவது படிப்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வரட்டும். பத்தாவது படிப்பவர் குரூப்பைப் பற்றி ஆசிரியரிடம் பேசட்டும். பிளஸ் ஒன் மாணவர் தவறுகளுக்கான நோட்டைத் திறக்கட்டும். பிளஸ் டூ மாணவரின் அம்மாவோ அப்பாவோ இ-சேவை மையத்துக்குக் கிளம்பட்டும். அந்தந்த வருடத்து வேலையை அந்தந்த வருடமே முடித்த பிள்ளை, தறிக்கூடத் தெருவிலிருந்தும் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர முடியும்.